மூலமும் படியும்: பழைய காற்றுத் துப்பாக்கிகளின் மாற்றுறுப்புக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894ஆம் ஆண்டிலே புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டபோது, 267ஆம் 268ஆம் பாட்டுக்கள் அவர் கைக்கெட்டிய ஏடுகளில் அகப்படவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்து கிடந்தன. ஐயரவர்கள் தாமே செய்யுள் இயற்ற வல்லவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் முறையாகப் பாடங்கேட்டவர். பழைய நடையில் இரண்டு பாட்டுக்களைப் பாடி அவ்விடத்தை நிரப்புதல் அவருக்கு அரிய செயலன்று. அவ்வாறு செய்யாது, இல்லாததை இல்லையென்றே காட்டிச் சென்றார். நம் பதிப்பாசிரியர் மரபில் மூலம், படி, பாடபேதம், இடைச்செருகல் என்னும் சொற்கள் வழங்குகின்றன. மூல ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பார்த்து எழுதிக்கொண்டது படி. பின்னொருவர் தாம் பாடியதை ஆசிரியர் பாடியதாகப் புகுத்தியது இடைச்செருகல். படியெழுதியவனை நாம் வாழ்த்துகின்றோம், இடைச்செருகியவனை இகழ்கின்றோம். இருவரும் எழுத்தாணி பிடித்துப் புதிய ஓலையில் எழுதியவர்களே.

இவ்வேறுபாட்டை நூல்களின் உலகிலிருந்து பொறிகளின் உலகிற்குக் கொண்டுசென்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் பழைய காற்றுத் துப்பாக்கி. கல்லூரி மலரொன்றில் இப்பொருள் சிறிது விந்தையாகத் தோன்றலாம். மேல்நாடுகளில் நூறாண்டு கடந்த காற்றுத் துப்பாக்கிகளைத் தேடிச் சேகரிப்போர் பலர் உளர். தேய்ந்தும் உடைந்தும் போன உறுப்புக்களுக்கு ஈடாகப் பழைய அளவின்படி புதியன செய்து விற்கும் சிறு பட்டறைகளும் உள்ளன. புதிய உறுப்பு ஏறிய துப்பாக்கி மூலப்பொருள் ஆகுமா என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. இவ்வழக்கு ஊவா மலைநாட்டாராகிய நமக்கும் உரியது. ஏன் என்பது பின்னர்ப் புலனாகும்.

முதலில் பொருளின் இயல்பைக் கூறுதல் வேண்டும். காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. நாம் இங்கு பெரிதும் கருதும் வகையில், உருளையொன்றினுள்ளே பிஸ்டனும் அதனைத் தள்ளும் வலிய சுருள்வில்லும் உள்ளன. நெம்புகோலை இழுத்தால் பிஸ்டன் பின்வாங்கிச் சுருள்வில்லை நெருக்கி, விசையிலே சிக்கி நிற்கும். விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்பாய்ந்து, தன் முன்னுள்ள காற்றைக் கண்ணிமைப் பொழுதில் ஒடுக்க, அக்காற்றுச் சிறு துளைவழிச் சென்று ஈயக்குண்டைக் குழலினின்றும் உந்தித் தள்ளும். பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே காற்று கசியாமற் காப்பது கிண்ண வடிவாக வளைத்த ஒரு தோல்வாசர். அது காய்ந்தால் வலிமை குன்றும். கிழிந்தால் துப்பாக்கி வெறும் இரும்பு. சுருள்வில்லும் ஆண்டாண்டாக நெருங்கி நெருங்கித் தன் முறுக்கை இழக்கும். ஆகவே இக்கருவியைச் செய்தவனே இதன் சில உறுப்புக்கள் மாற்றப்படும் என்று எதிர்பார்த்தே செய்தான். (நம்மவர் சிலர் தோலைப் பதப்படுத்தவெனத் தேங்காயெண்ணெயை உள்ளே ஊற்றுவர். மிகையான எண்ணெய் ஒடுங்கிய காற்றின் வெப்பத்தால் தீப்பற்றி வெடித்துச் சுருள்வில்லை முறிக்கும். அதற்குத் தப்பினும், பூனாகலைக் குளிரில் விடியற்காலையில் அவ்வெண்ணெய் உறைந்துவிடும்.)

இனி, மாற்றுறுப்பு என்னும் கருத்தின் வரலாற்றைப் பார்ப்போம். இன்று நாம் கடைக்குச் சென்று 'இந்த வண்டிக்கு இந்தச் சாமான்' என்று கேட்பது மிக இயல்பாய்விட்டது. முன்னாளில் அவ்வாறன்று. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையை அடைந்தபின், சிங்களக் கம்மாளர் துப்பாக்கித் தொழிலை விரைவிற் கைக்கொண்டனர். கொழும்பு நூதனசாலையிலும் மேல்நாட்டு நூதனசாலைகளிலும் உள்ள சிங்களத் துப்பாக்கிகளை நோக்கின், விசைப்பொறி கட்டையின் இடப்பக்கத்தே அமைந்திருப்பதையும், தோளிற் சார்த்தும் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து வளைந்திருப்பதையும் காணலாம். ஐரோப்பியப் பொறியைப் பார்த்துச் செய்தனர். ஆயின் அதனை இடம் மாற்றித் தமதாக்கிக் கொண்டனர். சிங்களர் படைக்கலங்களைப் பற்றி பி. ஈ. பி. தெரணியகல 1942இல் எழுதிய ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அக்காலத்தே ஒவ்வொரு பொறியும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே அரத்தால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒன்றின் வில்லைக் கழற்றி மற்றொன்றில் மாட்ட இயலாது. வில் முறிந்தால் கம்மாளன் புதிதாக அடித்துத் தருவான். அங்கே 'மூல உறுப்பு' என்றும் 'மாற்றுறுப்பு' என்றும் இருவகை இல்லை. எல்லாம் கைவேலையே.

இந்நிலை மாறத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சு நாட்டில். ஒனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கித் தொழிலாளர், ஒரே அளவாகச் செய்த உறுப்புக்களால் விசைப்பொறிகளை அமைக்க முயன்றார். 1785இல், அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அப்பட்டறைக்குச் சென்று, குவியல்களிலிருந்து கைக்கு வந்த உறுப்புக்களை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. இதனை அவர் தம் நாட்டுக்குக் கடிதம் வாயிலாக அறிவித்தார். அக்கருத்து அமெரிக்காவில் வேரூன்றி இயந்திரங்களாக வளர்ந்து, 1850களில் இங்கிலாந்தின் என்பீல்டு அரசாங்கத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கத்தின் இயந்திரப் போட்டியைக் கண்டு அஞ்சிய பேர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி 1861இல் ஒரு கூட்டுக் கம்பனியை நிறுவினர். அதுவே பேர்மிங்காம் சிறுபடைக்கலக் கம்பனி. பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்தாக, துவிச்சக்கரவண்டியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் நம் நாட்டு முதியோர் பலர் அதனை நன்கறிவர்.

எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்றான பின்னரே, 'இது இத்துப்பாக்கியோடு பிறந்த உறுப்புத்தானா?' என்ற ஐயமும் பிறந்தது. சேகரிப்போர் இன்று பெரிதாகப் போற்றும் மூலத்தன்மை, இயந்திரம் பெற்ற பிள்ளை என்பதை அவர்களுட் பலர் நினைப்பதில்லை.

பேர்மிங்காமிலே லிங்கன் ஜெப்ரீஸ் என்னும் துப்பாக்கி வணிகர் 1904இல் ஒரு காற்றுத் துப்பாக்கிக்கு உரிமைக்காப்புப் பெற்றார். அதற்குமுன் பெரும்பாலும் வழங்கிய ஜெர்மானிய வகைகளில் குழல் நடுவே மடியும். மடியும் மூட்டு நாளடைவிற் தளர்ந்தால் குறி தவறும். ஜெப்ரீசின் அமைப்பில் குழல் அசையாது. அதன் அடியிலுள்ள நெம்புகோலே கீழிறங்கும். குண்டை இடுவதற்குத் தண்ணீர்க்குழாயின் திருகுபோற் சுழலும் சிறு அடைப்பொன்று மேலே உண்டு. பி.எஸ்.ஏ. கம்பனி 1905 முதல் இதனைச் செய்து பெருமளவில் விற்றது. 1939இல் போர் மூண்டபோது அத்தொழில் நின்றது. போருக்குப்பின் 1948இல் வெளிவந்த 'எயர்ஸ்போர்ட்டர்' வேறு அமைப்புடையது. 1986இல் அக்கம்பனியின் துப்பாக்கிப் பிரிவு ஸ்பெயின் நாட்டுக் காமோ நிறுவனத்தார் கைக்குச் சென்றது. 1939க்கு முற்பட்ட துப்பாக்கிக்குரிய உறுப்பைச் செய்தவரிடமே வாங்கும் வழி எப்போதோ அடைபட்டுவிட்டது என்க. சிறு பட்டறைகள் தோன்றிய காரணம் இதுவே.

அப்பட்டறைகள் செய்யும் படியுறுப்புக்கள் பலதரத்தன. சுருள்வில், தோல்வாசர், குழலடி வளையம் முதலியன தேய்வதற்கென்றே பிறந்தவை. இவற்றை மாற்றியதைக் குறையாகக் கொள்வார் சிலரே. திருகாணிகளில் வழக்குத் தொடங்குகின்றது. பழைய ஆங்கிலத் திருகாணியின் புரி அங்குலக் கணக்கில் வெட்டியது. கைக்குக் கிடைத்த மீற்றர்க் கணக்குத் திருகாணியை அத்துளையில் வலிந்து முறுக்கினால், புதியது பொருந்தாததோடு பழைய துளையின் புரியும் அழியும். இங்கே செம்மையாகச் செய்த படியுறுப்பே மூலத்தைக் காக்கின்றது. மரக்கட்டையும் நோக்குக்குறியும் மாறினால் வழக்கு முற்றுகின்றது. உருளையின் மீது பொறித்த எழுத்துக்கள் தேய்ந்திருக்க, அதனை மினுக்கி, நீலம் ஏற்றி, மூன்று துப்பாக்கிகள் சார்த்தி நிற்கும் பி.எஸ்.ஏ. இலச்சினையைப் புதிதாக அடித்து, 'கைபடாத பழம்பொருள்' என்று விற்றால் அது தெளிவான இடைச்செருகல். அதே கட்டையை அதே பட்டறை செய்து, உட்புறத்தே தன் குறியும் ஆண்டும் பொறித்துத் தந்தால் அது நல்ல படி. மரம் ஒன்றே, உளியும் ஒன்றே.

மூலம் என்னும் சொல்லே எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஜெர்மனியில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூறலாம். றாஸ்டாட் நகரில் மேயர், கிராமல்ஸ்பாக்கர் என்னும் இருவர் பெயரால் 1890இல் எழுந்த நிறுவனம் 'டயானா' என்ற குறியோடு காற்றுத் துப்பாக்கிகளைச் செய்துவந்தது. டயானா உரோமர் வணங்கிய வேட்டைத் தெய்வம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றபின், போர் ஈட்டுத்தொகைக் கணக்கில் அந்நிறுவனத்தின் இயந்திரங்கள் ஸ்கொத்லாந்துக்குச் சென்றன. பிரித்தானியாவில் டயானா என்னும் பெயரை வழங்கும் உரிமையும் உடன்சென்றது. மதர்வெல் நகரத்து மில்லார்ட் சகோதரர், அதாவது 'மில்புரோ' நிறுவனத்தார், அவ்வியந்திரங்களைக் கொண்டே அப்பெயரில் துப்பாக்கி செய்தனர். றாஸ்டாட் மக்கள் 1950 அளவில் மீண்டும் தொழில் தொடங்கினர். பிரித்தானியச் சந்தையில் தம் பழைய பெயரைத் தாமே வழங்க இயலாமையால் அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர் யாது? 'ஒரிஜினல்'. மூலம் என்பதையே வணிகப் பெயராக்கினர்! 1980களில், மில்புரோ தொழிலை நிறுத்திய பின்னரே அங்கும் பழைய பெயர் றாஸ்டாட்டிற்குத் திரும்பிற்று. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் உண்மையான டயானா எது? இயந்திரமும் பெயரும் ஸ்கொத்லாந்தில். கைத்திறனும் நினைவும் ஜெர்மனியில். எம்மைக் கேட்டால், இரண்டும் மூலமே. இரண்டிற்கும் வெவ்வேறு வரலாறு உண்டு என்றே கூறுவோம். சேகரிப்போரும் இன்று அவற்றைத் தனித்தனியாகவே வகுத்துப் போற்றுகின்றனர்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களை ஆண்ட வெள்ளைத் துரைமாருக்கும் துப்பாக்கிக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. 1900இல் தோன்றி 1949இற் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படை அவர்களுக்கென்றே அமைந்தது. காற்றுத் துப்பாக்கி அப்படைக்குரியதன்று. பங்களாத் தோட்டத்தில் அணிலையும் காகத்தையும் ஓட்டுவதற்கும், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தகரப்பேணியில் குறிபார்ப்பதற்கும் உரிய விளையாட்டுக் கருவி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற 1975ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது துரைமாருட் பெரும்பாலோர் நாட்டைவிட்டு அகன்றனர். பங்களாப் பொருள்களிற் சில கப்பலேறின, சில ஏலம் போயின, சில பண்டகசாலை மூலையிற் கிடந்தன.

அக்காலத்தைப் பற்றி மற்றொன்றும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய சாமான்களே எளிதிற் கிடையாத காலத்தில், ஒரு பழைய காற்றுத் துப்பாக்கிக்குப் பேர்மிங்காமிலிருந்து தோல்வாசர் தருவிப்பது கனவிலும் நிகழாது. ஆயினும் அவை இயங்கின. இயக்கியவர் யார்? தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையின் பிட்டர்மார். பழைய ஸ்டோர்களில் ஒரே நீண்ட தண்டு மேலே சுழலும். அதிலிருந்து தோற்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுழற்றும். அறுந்த பட்டையின் துண்டு வீணாவதில்லை. அதனை நீரில் ஊறவைத்து, அளவான குழாய்த் துண்டொன்றில் அழுத்திக் கிண்ணமாக வளைத்து, உலர்த்தி, எண்ணெயூட்டினால் பிஸ்டனுக்கு வாசர் ஆயிற்று. எம் இளமையில், நாங்கள் பிட்டர் மாமா என்று அழைத்த முதியவர் ஒருவர் அவ்வாறு வெட்டிய வாசர்களைச் சிகரெட் தகரத்தில் இட்டு வைத்திருந்தார். 'இங்கிலீசுத் தோல் ஆறு மாதம் தம்பி, ஸ்டோர்த் தோல் ஆறு வருசம்' என்று அவர் சொல்வதுண்டு. அவ்வொப்பீட்டில் தன்பெருமை சிறிது கலந்திருக்கலாம். ஆயினும் பட்டைத்தோல் தடித்தது, உழைப்பிற்கென்றே பதனிட்டது என்பதில் ஐயமில்லை.

இப்போது வினாவை மீண்டும் எழுப்புவோம். அவ்வாறு ஊவாவிற் செப்பனிட்ட ஒரு பி.எஸ்.ஏ. துப்பாக்கி இன்று ஒரு சேகரிப்பாளர் கையிற் சிக்குகின்றது என்று கொள்வோம். அவர் அதனைப் பிரிக்கின்றார். உள்ளே தடித்த, கறுத்த, அழகற்ற தோல்வாசர். ஒருபுறம் அரத்தால் இழைத்த திருகாணி. எங்கோ வெட்டிய சுருள்வில். இவையெல்லாம் அவர் கண்ணுக்கு மாசுகள். குப்பையிலிட்டு, இங்கிலாந்துப் பட்டறையொன்றிலிருந்து தருவித்த படியுறுப்புக்களை மாட்டித் துப்பாக்கியை '1920இல் இருந்தவாறே' ஆக்கிவிடுகின்றார். அவர் செய்தது மோசடியன்று, நல்லெண்ணமே. ஆயினும் அத்துப்பாக்கி இந்நாட்டிற் பெற்ற வாழ்வு முழுவதும் அக்குப்பையோடு போயிற்று. எஞ்சியது பேர்மிங்காமில் அதே ஆண்டிற் பிறந்த ஆயிரத்துள் ஒன்று.

துரைமாரின் விளையாட்டுப் பொருளை நாம் ஏன் ஆராய்தல் வேண்டும் என்று எம் மாணவர் வினவுவர். அதற்கு விடை இங்கேதான் உள்ளது. தோட்டத்து ஏடுகளில் நம் முன்னோரின் பெயர் செக்ரோலில் இருக்கும். வேலைநாளும் கூலியும் கடனும் அருகே இருக்கும். அவர்கள் விரலில் இருந்த நுட்பத்திற்கு அதில் நிரல் இல்லை. பிட்டர் ஒருவர் எத்தனை இயந்திரங்களை, எதைக்கொண்டு, எவ்வாறு உயிர்ப்பித்தார் என்பதை எந்த நிருவாகியும் எழுதி வைத்தாரில்லை. அதற்குச் சான்று இரும்பிலும் தோலிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. மூலத்தன்மை என்னும் பெயரால் அதனைக் களைவது, இருக்கும் ஒரே ஏட்டைக் கிழிப்பதாகும்.

இது வெறும் உணர்ச்சிவயப்பட்ட கூற்று எனக் கருதுவோர்க்கு, உலகப் புகழ்பெற்ற ஒரு காற்றுத் துப்பாக்கியின் கதையைச் சொல்லலாம். திரோல் நாட்டவரான பார்த்தொலொமேயுஸ் ஜிராண்டோனி அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780இல் ஏற்றது. அது சுருள்வில் பிஸ்டன் வகையன்று. அடிக்கட்டையே கழற்றத்தக்க காற்றுக் கலம். அதனை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை கைப்பம்பை இடித்தல் வேண்டும். பக்கத்துக் குழாயில் இருபதுக்கு மேற்பட்ட குண்டுகளை இட்டு அடுத்தடுத்துச் சுடலாம். வெடிமருந்துத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டு மீண்டும் நிரப்பும் நேரத்தில் இது பலமுறை சுடும் என்பதால் அக்காலத்தே பெருவியப்பாக இருந்தது. மேலே நாம் கண்ட ஜெபர்சன் அமெரிக்க சனாதிபதியானபின், மேற்றிசை நிலங்களை ஆராயுமாறு மெரிவெதர் லூயிசையும் வில்லியம் கிளார்க்கையும் அனுப்பினார். 1803 முதல் 1806 வரை நிகழ்ந்த அப்பயணத்தில் லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுசென்று, வழியிற் கண்ட பழங்குடியினர் முன் பலமுறை சுட்டுக்காட்டினார். அத்துப்பாக்கி எது, எங்குள்ளது என்பது நெடுநாள் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. பிலதெல்பியா நகரத்து ஐசையா லூக்கன்ஸ் செய்ததே அது என்பது முன்னைய அறிஞர் கொள்கை.

பின்னர் ராபர்ட் பீமன் என்னும் ஆராய்ச்சியாளரின் சேகரத்தில் இருந்த ஜிராண்டோனி வகைத் துப்பாக்கியொன்றை, அதனைப்போற் படிகள் செய்யும் நோக்கத்தோடு எர்னெஸ்ட் கோவன் என்னும் தொழில் வல்லுநர் பிரித்தார். உள்ளே விசைப்பொறியின் முதன்மை வில் மூலவில்லன்று. குதிரைக்கு இலாடம் அடிப்போர் வழங்கும் அரம் ஒன்றிலிருந்து அடித்துச் செய்தது. லூயிசின் நாட்குறிப்பிலோ, 1805 யூன் 10ஆம் நாள், பயணக் குழுவின் கொல்லரான யோன் ஷீல்ட்ஸ் காற்றுத் துப்பாக்கியின் முதன்மை வில்லைப் புதுப்பித்தார் என்ற செய்தி உள்ளது. இதனையும் வேறு சான்றுகளையும் கொண்டு, லூயிஸ் எடுத்துச்சென்றது இத்துப்பாக்கியே எனப் பீமன் முடிவு கட்டினார். ஆய்வாளர் பலர் உடன்பட்டனர். இன்னும் ஐயுறுவோரும் உளர். துப்பாக்கி இப்போது பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள அமெரிக்கப் படையின் மரபு நிலையத்தைச் சேர்ந்தது.

முன்னர் ஒரு சேகரிப்பாளர், 'இவ்வில் அழகற்றது. மூலமன்று' என்று அதனைக் களைந்து வியன்னா அளவின்படி செய்த நேர்த்தியான வில்லொன்றை இட்டிருந்தால் நிகழ்வது யாது? துப்பாக்கி மேலும் தூயதாகியிருக்கும். அதன் வரலாற்றைச் சொல்லும் நா அறுந்திருக்கும். இன்னொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வில்லைக் கண்டுபிடித்தவர் படிசெய்ய வந்தவர். படிசெய்வோன் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, ஏன் இவ்வாறு உள்ளது என்று வினவியே தீர்தல் வேண்டும். ஏடெழுதுவோன் எழுத்தெழுத்தாகப் படிப்பது போன்றது இது. ஆகவே படியுறுப்புச் செய்வோரை மூலத்தின் பகைவரெனப் பழிக்கும் சேகரிப்பாளரோடு யாம் உடன்படுவதற்கில்லை.

பெரிய கட்டடங்களைப் பேணும் அறிஞர் இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டனர். 1964இல் வெனிஸ் நகரில் வகுத்த பட்டயம், சிதைந்த உறுப்புக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இயைந்திருத்தல் வேண்டும், அதேவேளை மூலத்தினின்றும் வேறெனக் கண்டுகொள்ளத் தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. கல்லால் ஆன ஐரோப்பியக் கட்டடத்திற்கு ஏற்ற அவ்விதி, காலந்தோறும் மரத்தை மாற்றிப் புதுக்கும் கீழைநாட்டுக் கோயில்களுக்கு முற்றிலும் பொருந்துமா என்ற வினா பின்னர் எழுந்தது. 1994இல் யப்பானின் நாரா நகரில் கூடியோர், உண்மைத்தன்மை என்பது அந்தந்தப் பண்பாட்டின் வழி நின்றே கணிக்கத்தக்கது என்று தெளிவுபடுத்தினர். அப்போது உலகப் பண்பாட்டுச் சின்னங்கள் பேரவையின் தலைவராக இருந்தவர் இலங்கையரான ரோலண்ட் சில்வா என்பது நாம் மகிழத்தக்க செய்தி. நமக்கு இஃது புதிய ஞானமன்று. தேருக்குச் சில்லு மாற்றுகின்றோம், அச்சு மாற்றுகின்றோம், தேர் அதுவே. பின்னமுற்ற திருவுருவை வழிபாட்டினின்று நீக்கி வேறு நிறுவினாலும், தெய்வம் புதிதாயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கையாற் செய்தது யாவும் போற்றத்தக்கது எனல் பேதைமை. துளை பெருத்ததென்று ஆணியடித்தவனும், நெம்புகோல் உடைந்ததென்று முரட்டுத்தனமாகப் பற்றவைத்தவனும் நம்மிடையே உண்டு. கெட்ட செப்பனிடுதல் கெட்டதே. துப்பாக்கி இயங்க வேண்டுமாயின் அதனைக் களைந்து நல்ல படியுறுப்பை இடுவதில் தவறில்லை. களைந்ததை எறிந்துவிடாது, இன்ன நாளில் இன்ன இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிய உறையில் இட்டு உடன்வைத்தலே வேண்டுவது. வெட்டிய, இழைத்த, பற்றவைத்த பகுதியைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே மூலவுறுப்பிற் கைவைக்குமுன் பலமுறை எண்ணுதல் வேண்டும். சுருள்வில்லும் வாசரும் அத்தகையன அல்ல. நாளை கழற்றலாம், பழையதை மீண்டும் இடலாம்.

நம் நாட்டில் இதற்கு இடமில்லாமலும் இல்லை. கண்டி அந்தானையில் 1925இற் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பல தோட்டங்களின் பழைய ரோலர்களும் எஞ்சின்களும் அங்குள்ளன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளர்க்கென்றே ஒரு நூதனசாலை அமைந்தது. முன்னதில் இயந்திரம் உண்டு. பின்னதில் அவ்வியந்திரத்தோடு வாழ்ந்தவரின் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் உண்டு. இரண்டையும் இணைப்பது, இயந்திரத்தினுள்ளே மறைந்திருக்கும் செப்பனிட்ட கையின் சுவடு. பெயர்ப்பலகையில் செய்தவர் பெல்பாஸ்ட் டேவிட்சன் என்றோ கெயின்ஸ்பரோ மார்ஷல் என்றோ இருக்கும். உள்ளே உள்ள உருளிகளிலும் திருகாணிகளிலும் எத்தனை இங்கே கடைந்தவை என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே அறிதல் கூடும். ஊவாவில் இன்னும் சில ஸ்டோர்களில் அம்முதிய பிட்டர்மார் உளர். வாரவிறுதியில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு அவர்களிடம் செல்லும் மாணவன் ஒருவன் இப்பணியைத் தொடங்கலாம்.

காற்றுத் துப்பாக்கிக்கு வைக்கும் அட்டையும் நீளமாக இருத்தல் வேண்டியதில்லை. குழலும் உருளையும் பேர்மிங்காம், 1939க்கு முன். மரக்கட்டை மூலம், அடியில் ஒரு பிளவு, பின்னர் ஒட்டியது. சுருள்வில் அண்மையிற் செய்த படி, உட்குறியுடன். பிஸ்டன் வாசர் புதியது. பழையது ஸ்டோர்ப் பட்டைத்தோலில் வெட்டியது, உறையிற் காண்க. வெட்டியவர் இன்ன தோட்டத்துப் பிட்டர், பெயர் இன்னது.